முந்நூறு வோல்ட்டும் உம்மாவின் ரேடியோவும்

பழைய ரேடியோவுக்குள் சூடேறிய கண்ணாடி வால்வின் மேல் தூசி கருகும்போது ஒரு மணம் வரும். பழைய சாரனை அயன் பண்ணுகிற மாதிரி. போன கிழமை கல்முனைக்குடியில் எங்கள் வீட்டில் அந்த மணம் எழும்பியது. சந்தோசப்படலாம் என்று மீட்டரைப் பார்த்தால், வால்வுக்குப் போகும் கரண்ட் இருநூற்றைம்பது வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் முந்நூறு.

நான் எலக்ட்ரிக்கலில் பட்டம் எடுத்தவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் வெட்கத்துக்குத் தேவைப்படும்.

ரேடியோ உம்மாவுடையது, கலியாணத்தோடு கிடைத்த பழைய சாமான். பல வருசம் அலுமாரிக்கு மேல் கிடந்ததை இறக்கி நான்தான் பழுதுபார்த்தேன். கூடுதல் வோல்ட்டில் ஒரு வால்வு ஏற்கெனவே போய்விட்டது. இப்போது பூட்டியிருப்பது கடைசி. கூட்டாளி நியாஸ் கொழும்பெல்லாம் அலைந்து இது ஒன்றைத்தான் பிடித்தான். உம்மா தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"இதும் கருகினா விடு மனே. உள்ளுக்க இரிக்கிறதக் கழட்டிப் போட்டு எனக்கு நூல் பெட்டியாத் தா."

நான் விடுவேனா? கண்டென்சர் மாற்றினேன், ரெசிஸ்டர் மாற்றினேன். போட்டுப் பார்ப்பேன், முந்நூறு. வால்வு கண்ணைக் கூசும்படி எரியும், பயந்து உடனே நிற்பாட்டுவேன். பக்கத்தில் நியாஸ் முறுக்குக் கடித்துக்கொண்டு, "மச்சான், கெம்பஸ்ல ஒனக்குப் பாஸ் போட்ட மனிசன் ஆருடா?" என்றான்.

கோபத்தில் பெட்டியைத் திருப்பினேன். முதுகில் ஒரு சின்னத் திருகி: 200, 220, 240. வீட்டுக்கு வருகிற கரண்டுக்கு ஏற்ப வைப்பது. அது 200இல் நின்றது. வருவதோ இருநூற்று நாற்பது; அதுதான் உள்ளே இருநூற்றைம்பது முந்நூறாகியிருக்கிறது. மூடியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் என் பெருவிரல் அதில் பட்டிருக்கும்.

"உம்மா, இத இருநூறுல வெச்ச ஆரு?"

"நான்தான். வாப்பாக்குத் தெரியா. மில்லு ஓடக்குள்ள சத்தம் கேக்காதே, மறுகா என்ன செய்யிற?"

மில்! எப்படி மறந்தேன்? கரண்ட் கம்பியின் கடைசிப் போஸ்ட் எங்களுடையது. நான் சின்னவனாக இருந்த காலத்தில் பெரும்போகம் அறுத்தால் பின்னேரங்களில் ஒழுங்கை முனையில் நெல் மில் ஓடும். அவித்த நெல் மணம் வரும், மில் கரண்டை இழுக்க, பல்பு செத்தல் மிளகாய்ச் சிவப்புக்கு இறங்கும். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் ஒலுவில் ஊர்ப் பக்கமாக நடந்து போகிற மாதிரிச் சத்தம் தேயும். அப்படிக் குறைந்த கரண்டுக்குத்தான் உம்மாவின் 200. எனக்கு வீட்டுப்பாடம் செய்யாமலிருக்க அருமையான சாட்டு. வேலிக்கு மேலால் அயல்வீட்டுப் பெண்களின் கதை பறக்கும்.

"இண்டைக்கு ஆர்ர நெல்லுகா?"

"பாவா காக்காடயாம். இனி இஷாத் தொழுகை மட்டும் இருட்டுத்தான்!"

திருகியை 240க்கு மாற்றி, பிஸ்மி சொல்லிச் சுவிட்சைப் போட்டேன். மீட்டர் ஏறி, இருநூற்றைம்பதில் நின்றது. இரைச்சலுக்குள்ளிருந்து இந்தியப் பக்கத்து நிலையம் ஒன்று பாட்டோடு வெளியே வந்தது. நியாஸ் முறுக்கை மறந்தான். உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, மில் ஓடிய காலத்துப் பழக்கத்தில் பெட்டியோடு காதை ஒட்டினார்.

"சத்தமாத்தானே உம்மா பாடுது, தள்ளி இருங்களன்."

"ஓம் மனே, கேக்குது," என்றார். அசையவில்லை.

மில் நின்ற இடத்தில் இப்போது கலியாண மண்டபம். வேலி மதிலாகிவிட்டது. நெல் லொறியில் ஏறி எங்கோ போகிறது. பின்னேரங்களில் எங்கள் பல்பு ஆடாமல் அசையாமல் எரிகிறது. இன்றைக்கு யாருடைய நெல் என்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது.