சஃபரிங் என்றால் கஷ்டமா?

என் அண்ணி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும், தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டிலோ ‘சஃபரிங்’ என்ற சொல் படாத பாடு படும். பஸ் வராவிட்டால் அண்ணனுக்கு சஃபரிங். ஜலதோஷம் வந்தால் மகளுக்கு சஃபரிங், அதனால் படிப்பும் ‘சஃபர்’ ஆகும்.

“ஒரே சொல்லை வெச்சு எத்தனை பேருடா பிழைக்கிறீங்க?” என்று அண்ணி சிரிப்பார்.

அந்தச் சொல்லே ஒருநாள் அவரை வழுக்கிவிட்டது.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷினுக்குள் கை மாட்டி இரண்டு விரலை இழந்த ஓர் அம்மாள் நஷ்டஈடு கேட்டிருந்தார். சலவை செய்த சட்டைபோல விறைப்பாகச் சாட்சிக் கூண்டில் நின்றார். விபத்துக்குப் பிறகு சஃபரிங் ஏதும் உண்டா என்று ஹோட்டல் தரப்பு வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டார்.

“அதுக்கப்புறம் கஷ்டம் ஏதாவது இருந்துச்சாம்மா?” என்றார் அண்ணி.

அந்த அம்மாளுக்குச் சுருக்கென்றது. “கஷ்டமா? அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. பிள்ளைங்க மூணு வேளையும் சோறு போடுறாங்க.”

அண்ணி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. கேள்வி கேட்டது உடம்பையும் மனதையும் பற்றி; அந்த அம்மாளின் காதில் விழுந்தது சாப்பாட்டுக்கு வழியுண்டா என்று.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணி எழுந்து நின்று, “நான் போட்ட சொல் தப்பு. அவர் வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்” என்றார். சாட்சிக்குப் பாடம் சொல்லித்தருகிறார் என்று வக்கீல் குதித்தார். நீதிபதி அண்ணியின் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேள்வியைப் பிரித்துப் பிரித்துக் கேட்கச் சொன்னார்.

“கை வலிக்குதாம்மா?”

“குளிர் வந்தா எரியுங்க. இல்லாத விரல்ல அரிப்பெடுக்கும், எங்க போய் சொறியறது?”

“மனசு எப்படி இருக்கு?”

அந்த அம்மாள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு, “தலை பின்ன வராதுங்க. பொண்ணு பின்னி விடுவா. ஒரு நாளும் முகம் சுளிச்சதில்லை. அதுதாங்க எனக்குத் தாங்கல” என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லுக்கு அண்ணி ஏற்ற சொல்லைத் தேடினார். பிறகு குரல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னார். வக்கீல் கேஸ் கட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு அந்த அம்மாளுக்குச் சாதகமாக வந்தது. அண்ணிக்கு, கவனக்குறைவு என்று மேலிடத்திலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. எங்களுக்குப் பொறுக்கவில்லை.

“உண்மையைச் சொன்னதுக்கா தண்டனை?” என்று அண்ணன் கொதித்தார்.

“தப்பா சொன்னதுக்கு. அது கவனக்குறைவுதானே?” என்றார் அண்ணி.

இப்போதெல்லாம் வழக்கு தொடங்கும் முன்பே வக்கீல்களிடம் கேட்டுவிடுகிறார்: சஃபரிங் என்று நீங்கள் சொல்வது வலியா, மனவேதனையா, பிழைப்புக்கு வந்த நஷ்டமா? சிலர் எரிந்து விழுகிறார்கள். அண்ணி பதில் வரும்வரை நகர்வதில்லை.