மனப்பாடமாக இருந்த கண் அட்டை

நம் அன்பிய ஜெபக் குழுவின் சகோதர சகோதரிகளே, என்னை உங்களுக்குத் தெரியும். லூர்து. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருடமாகக் கிரேனுக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவன். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு லாரியின் தளம் சரியாகத் தெரியாது. என் கையை நம்பித்தான் பெட்டியை இறக்குவார்.

என் இடது கண்ணில் மூக்கோரமாக ஒரு சதை வளர்ந்தது. வெயில், தூசி, உப்புக்காற்று. எங்கள் வேலையில் பலருக்கும் இது உண்டு. சொட்டு மருந்து விட்டுக் காலத்தை ஓட்டினேன். அது கருவிழி மேல் ஏறியது. தெருவிளக்குக்கு வால் முளைத்தது. ஒரு கம்பி இரண்டாகத் தெரிந்தது. இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் பயனில்லை. காலையில் கண்ணைத் திறக்கவே அலுப்பாக இருக்கும்.

அப்போதுதான் யார்டில் வருடாந்திரக் கண் சோதனை வந்தது. தேறாவிட்டால் சைகை வேலை போய்விடும். வேறு வேலை எனக்குத் தெரியாது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கண் சோதனை அட்டையில் இருக்கும் எழுத்துகளை யாரோ எப்போதோ ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதிவைத்தார்கள். காகிதம் வருடா வருடம் கை மாறும். அட்டை மட்டும் மாறவே மாறாது. தினமும் ஜெபமாலை முடிந்ததும் நான் ஒப்பிப்பேன், என் மனைவி ஸ்டெல்லா சரிபார்ப்பாள்.

"ஞானோபதேசத்த இப்டி படிச்சிருந்தா நீ சாமியாரா பூட்டிருப்ப" என்று கேலி செய்தாள்.

'ஆண்டவரே, பாஸாக்கிவிடும்' என்று வேண்டினேன். பாஸானேன். கோயிலில் மெழுகுவர்த்தி வேறு ஏற்றினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

தவக்காலத்தின் மூன்றாவது வாரம். என்னோடு வேலை செய்யும் தேவா லாரி மேல் நின்று, கிரேனில் தொங்கிய பெட்டியைத் தளத்துப் பூட்டில் பொருத்திக்கொண்டிருந்தான். இன்னும் இடைவெளி இருக்கிறது என்று நினைத்து, இறக்கு என்று கை காட்டினேன். இடைவெளி இல்லை. அவன் அலறிக்கொண்டு காலை இழுத்தான். பூட்ஸின் முனை மட்டும் நசுங்கியது.

இறங்கி வந்து திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நைனா, உனக்குக் கண்ணு தெரில. எனக்கு ரெண்டு பொண்ணு கீது. இனிமே உன் கைய நம்பி நா நிக்க மாட்டேன். நீயே போய் சொல்லிடு."

அன்று சாயங்காலம் கோயிலில் முழங்காலிட்டேன். பாஸாக்கும் என்று கேட்க வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லத் தைரியம் கொடும் என்று மட்டும் கேட்டு அழுதேன். மறுநாள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். என்னை கேட் வேலைக்கு மாற்றினார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "கருவிழி ஒரே சீரா வளைஞ்சிருக்கணும். இந்தச் சதை ஒரு பக்கமா இழுத்து அந்த வளைவையே மாத்திடுச்சு. இது இருக்கிற வரைக்கும் எத்தனை கண்ணாடி போட்டாலும் சரிவராது."

சதையை எடுத்துவிட்டு, அதே கண்ணின் மேல்பக்கத்திலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து அங்கே ஒட்டினார்கள். வளைவு நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார். காத்திருந்ததுதான் பெரும்பாடு.

மறுபடி யார்டில் சோதனைக்குப் போனேன். சோதிக்கிற மேடம் எதிரே மாட்டியிருந்தது அதே அட்டை. பார்ப்பதற்கு முன்பே எழுத்துகள் நாக்கில் வந்து நின்றன. பார்க்கிறேனா ஒப்பிக்கிறேனா, எனக்கே புரியவில்லை.

"மேடம், இது எனக்கு மனப்பாடம். வேற அட்ட மாட்டுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறொன்றை மாட்டினார். அதை நான் பார்த்ததே இல்லை. கடைசிக்கு முந்தின வரி வரை வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகாமல் ஒன்றாகவே தெரிந்தது. சைகை வேலை திரும்பக் கிடைத்தது.

சதை திரும்ப வளரலாம் என்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுத்தான் வெயிலில் நிற்கிறேன். உடம்பின் அசதி போகவில்லை. ஆனால் மனதில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை. உங்களிடமும் அப்படி ஒரு காகிதம் இருந்தால், அதை ஆண்டவர் முன் பிரித்து வையுங்கள். சொல்லும் தைரியத்தை அவர் தருவார். எனக்குத் தந்தார், அவருக்கு நன்றி.

போன வாரம் தேவா லாரி மேல் ஏறி நின்றான். "கைய காட்டு நைனா" என்றான்.