குப்புராஜ் கானாவுக்குப் போன மழைக்காலம்

ஏரியூர்ப் பக்கம் எந்த வீட்டில் சட்னி கெட்டியாக இருக்கும் என்று கேட்டால் குப்புராஜ் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். அவர் தேங்காயைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. அது தானாகத் திரும்பி வரும்.

போர்வெல்லுக்குப் பாயிண்ட் பார்ப்பது அவர் தொழில். காட்டுக்காரர் வாங்கித் தரும் குடுமித் தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பார். அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அந்த இடத்தில் கல் நட்டு, கற்பூரம் காட்டி, "எண்ணூறு அடியில ரெண்டரை இஞ்சு தண்ணி" என்று பத்திரப்பதிவு அலுவலர் தோரணையில் அறிவிப்பார். தண்ணீர் வந்தால் அந்தத் தேங்காயைக் குழாய்க்கு முன்னால் உடைக்க வேண்டும். வராவிட்டால் தேங்காய் அவரிடமே திரும்பிவிட வேண்டும். வெறும் போரின் தேங்காயை வழியில் எறிந்தால் எறிந்தவன் வீட்டுக் கிணறு வற்றிவிடும். சட்டத்தை இயற்றியவர் அவர்தான். சட்னி எப்படிக் கெட்டியானது என்று இனி விளக்கத் தேவையில்லை.

அவர் வீட்டுக் கிணறு மட்டும் வற்றவில்லை. அது அவருடைய அப்பா தேங்காய் இல்லாமல் தோண்டியது.

தீர்த்தம்மாள் மரவள்ளிக் காட்டில் அவர் மூன்று முறை பாயிண்ட் வைத்தார். மூன்று முறையும் தண்ணீருக்குப் பதில் பாறைத்தூள் புகைதான் வந்தது. முதல் முறை, யாரோ செருப்புக் காலோடு நின்றுவிட்டார்களாம். இரண்டாவது முறை, போர் வண்டிக்காரர் கறி தின்றுவிட்டு வந்தாராம். மூன்றாவது முறை, தீர்த்தம்மாள் மனசில் நம்பிக்கை இல்லையாம். அந்த மூன்றாவது காரணம் மட்டும் அன்றிலிருந்து உண்மையாகிவிட்டது. குப்புராஜைப் பார்க்கும் இடமெல்லாம், பேருந்து நிறுத்தமோ ரேஷன் கடையோ, அவள் வாயைத் திறந்துவிடுவாள்.

"மூணு ஓட்டையும் வாயப் பொளந்துகிட்டு கெடக்குது. ஆட்டுக்குட்டி வுழுந்துடுமோன்னு கல்லு வச்சி மூடியிருக்கறன். எப்பய்யா வந்து அடைக்கப் போற?"

"அதெல்லாம் என் வேலை இல்லை தீர்த்தம்மா."

"தண்ணி காட்டறதும் உன் வேலை இல்லைன்னு இப்பத்தான் தெரியுது."

போன வருடம் ஒரு கோடை முழுக்கக் குப்புராஜை ஒருவரும் கூப்பிடவில்லை. கம்பி நட்டு மெஷினில் நீரோட்டம் பார்க்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எதிரே வருகிறவர்கள் அவர் கையில் தேங்காயைக் கண்டால், "என்னங்க, கோயிலுக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இனி ஒரு நல்ல போர் அமைந்தால்தான் பெயர் மிஞ்சும் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் தருமபுரி சந்திரமோகன் கூப்பிட்டார். சந்திரமோகனின் ரிக் வண்டி ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் வடக்குப் பகுதியில், ஊர் ஊராகக் கைபம்புக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தது. பதினோரு துளையில் ஒன்பது வெறும் துளை. கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கத் தயங்காத சந்திரமோகனுக்கு, பாறையைப் பற்றிப் படித்தவர்களை நம்பத் தயக்கம். தேங்காயை நம்புவார்.

"எப்ப போறீங்கன்னு நீங்களே சொல்லுங்க. விசா மூணு மாசத்துக்குத்தான்," என்றார்.

குப்புராஜ் கானாவிலிருந்த அருள்பிரகாஷுக்குப் போன் போட்டார். அவனும் ஏரியூர்க்காரன், மாதா கோயில் தெரு. அந்த ரிக்கில் துளை போடுகிறவன்.

"நவம்பர் கடைசிக்கு மேல வாங்கண்ணா. மழை வுட்டுடும், ரோடு காஞ்சிருக்கும், கொசு கம்மி. ஊர் பாக்க வர்ற வெள்ளக்காரங்களும் அப்பத்தான் வருவாங்க. பாலைவனத்துலருந்து புழுதிக் காத்து ஒண்ணு வரும், தொண்டை கொஞ்சம் காயும், அவ்வளவுதான்."

"மழை எப்ப பேயும்?"

"ஆகஸ்ட்டு, செப்டம்பர்ல கொட்டித் தீத்துடும். அப்ப மட்டும் வந்துடாதீங்க."

குப்புராஜ் போனை வைத்தார். தொழில்முறையில் யோசித்தார். காய்ந்த காலத்தில் போனால் தண்ணீரைத் தேட வேண்டியிருக்கும். கொட்டுகிற காலத்தில் போனால் தண்ணீரே வந்து பார்க்கும். யானை பார்க்க ஒரு பருவம், கடற்கரைக்கு ஒரு பருவம் என்று மற்றவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பொய் பிடிபடாத பருவம் எது என்று பார்த்துப் பயணம் குறித்தவர் இவர் ஒருவர்தான். சந்திரமோகனிடம், "என் ராசிக்கு ஆவணிதாங்க மொதலாளி," என்றார்.

சந்திரமோகன் ஏமாந்தார். தீர்த்தம்மாள் ஏமாறவில்லை. கிளம்பும் நாள் பேருந்து நிறுத்தத்தில், மாலையும் பையுமாக நின்றவரை மறித்துக்கொண்டாள்.

"மழைக்காலத்துல போயி தண்ணி இருக்கற எடம் சொல்றதுக்கு நீ எதுக்குய்யா? தவளை போதாதா?"

"வாய அடக்கு. போன்ல பாரு, தண்ணி எப்பிடி பீச்சி அடிக்குதுன்னு."

"தேங்கா திரும்பி வந்தா?"

"வராது."

"வந்தா என் காட்டு மூணு ஓட்டையும் நீயே மண்ணு சொமந்து மூடணும். சரின்னு சொல்லு, இத்தன பேரு கேக்கட்டும்."

இத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்ததால் சரி என்று சொல்ல வேண்டியதாயிற்று.

செப்டம்பர் முதல் வாரம் கானாவில் இறங்கினார். டமாலே நகரத்துக்கு வடக்கே ஒரு கிராமம். ஊர்த் தண்ணீர்க் குழுவின் தலைவி அமீனா, பள்ளி ஆசிரியை, குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். அருள்பிரகாஷ் சொன்னான்:

"இப்ப வூட்டுக் கூரையிலருந்தே கொடம் ரொம்புதாம். பிப்ரவரியில ஏழு கிலோமீட்டர் நடக்கறாங்களாம். தண்ணி இல்லாதப்ப வராம இப்ப எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறாங்கண்ணா."

"ராசின்னு சொல்லு."

"நான் சொல்ல மாட்டங்க. நீங்களே சொல்லுங்க."

குப்புராஜ் தேங்காயை எடுத்தார். ஆறாயிரம் மைல் தாண்டி வந்த களைப்பே இல்லாமல் அது நான்கு இடத்தில் எழுந்து நின்றது. அதில் கணுக்கால் வரை புதையும் பள்ளமாகப் பார்த்துக் கல் நட்டார்.

"அங்க வண்டி எறங்கிடும்ணா."

"தேங்கா சொல்லுது. நீ யாரு?"

வண்டி போனது. அச்சு வரை இறங்கி நின்றது. சக்கரத்தைச் சுற்றிக் குளம் கட்டியது. குப்புராஜ் அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார்: 'போர் போடும் முன்பே தண்ணீர்!' கைதட்டல் படங்கள் வந்தன. பின்னாலேயே தீர்த்தம்மாளின் குரலும் வந்தது.

"அது மேலருந்து வந்த தண்ணியா, கீழருந்து வந்த தண்ணியா?"

கைதட்டல் நின்றுவிட்டது.

வண்டியை எடுக்க முடியவில்லை. மழை ஓயும்வரை இழுக்க டிராக்டர்கூட உள்ளே வராது. குப்புராஜ் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தார். கொசு கடித்தது, காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று சந்திரமோகனிடம் கெஞ்சினார். "போர் போடாம டிக்கெட் கெடையாது," என்று பதில் வந்தது. தான் பயந்து ஒதுங்கிய காய்ந்த பருவம் தன்னைத் தேடி நடந்து வருவதை, நாள் நாளாக, கொட்டகை வாசலில் உட்கார்ந்து பார்த்தார். அக்டோபர் கடைசியில் மழை விட்டது. நவம்பரில் மண் வெடித்தது. அருள்பிரகாஷ் சொன்ன புழுதிக் காற்று வந்தது. குப்புராஜின் உதடு பிளந்தது. தேங்காயும் காய்ந்து, ஆட்டினால் உள்ளே பருப்பு லொடலொடவென்று உருண்டது.

வண்டியை வெளியே எடுத்து, அதே கல்லின்மேல் நிறுத்தி, துளை போட்டார்கள். ஊரே சுற்றி நின்றது. முந்நூறு அடி. புகை.

"இது காத்துல வர்ற புழுதிடா," என்றார் குப்புராஜ்.

"காத்து மேலருந்து வருதுங்க. இது ஓட்டைக்குள்ளருந்து வருது."

அமீனா மறுநாளே மாவட்ட அலுவலகத்துக்குப் போய், பாறை படித்த ஆளை ஜனவரியில் அனுப்ப எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

கிளம்பும் காலையில் குப்புராஜ் அவளிடம் இரண்டு கையாலும் தேங்காயை நீட்டினார். "எங்க ஊரு மரியாதைன்னு சொல்லு." எறியக் கூடாது என்ற சட்டத்தில், பரிசாகக் கொடுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. வற்றினால் அவள் கிணறு வற்றட்டும்.

சட்டம் அருள்பிரகாஷுக்கும் தெரியும். அவன் அப்பாவும் ஒரு தேங்காயைத் திருப்பிக் கொடுத்தவர்தான். முழுவதையும் அமீனாவிடம் சொன்னான். அவள் தேங்காயை வாங்கி, குப்புராஜின் பையைத் திறந்து, சட்டைகளுக்கு அடியில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று சொன்னதாக அருள்பிரகாஷ் மொழிபெயர்த்தான். அதில் மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

வழியில் எறிந்திருக்கலாம். எத்தனையோ குப்பைத் தொட்டிகளைக் கடந்தார். ஒவ்வொன்றின் முன்னும் அப்பா தோண்டிய கிணறு நினைவுக்கு வந்தது. ஊரை ஏய்க்கச் செய்த சட்டத்தை நம்பிய கடைசி ஆள் அவர்தான்.

ஏரியூரில் இறங்கியபோது தீர்த்தம்மாள் நிறுத்தத்தில் இருந்தாள். பையை வாங்கி ஒரு ஆட்டு ஆட்டினாள்.

லொடலொட.

இப்போது காலையில் ஏரியூரிலிருந்து கிழக்கே போகிறவர்கள், மரவள்ளிக் காட்டில் ஒருவர் கூடையில் மண் சுமப்பதைப் பார்க்கலாம். முதல் ஓட்டை தொள்ளாயிரத்து இருபது அடி. பதினாறாம் நாளும் கூடையைக் கவிழ்த்தால் மண் விழுந்த சத்தம் கேட்க நேரமாகிறது.

"இன்னும் ரெண்டு இருக்குது," என்கிறாள் தீர்த்தம்மாள், வரப்பிலிருந்து. "மழைக்கு முன்னால முடி. ஈர மண்ணு கனக்கும்."