ஆட்டு விமானத்தில் எனக்குப் பதிலாகப் போனவர்

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரர்களே. வயிற்றுவலி என்று நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு மனிதர் இறந்துபோனார். இந்தக் கதையின் பாதியை நம்முடைய ஊர் சாய்ந்தமருதில் உங்களில் பலர் என் வாயாலேயே கேட்டிருக்கிறீர்கள். "மாஷா அல்லாஹ்" என்றும் சொன்னீர்கள். மற்றப் பாதியைக் கேட்காதவர்களுக்காக இன்று முழுவதையும் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அரபு நாட்டு விமான நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் வெளிநாட்டிலிருந்து ஆடுகளை ஏற்றிவரச் சரக்கு விமானம் போகும். கூடுகளைக் கட்டவும், தண்ணீர் வைக்கவும், ஆடுகள் மிரளாமல் பார்க்கவும் எங்களில் ஒருவர் கூடப் போகவேண்டும். நானும் தம்பிலுவில் தங்கராசா அண்ணனும் முறை வைத்துப் போய்வந்தோம். எங்களுக்கு ஒரே அறை. நோன்பு மாதத்தில் என் முன்னால் அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அப்படிப்பட்ட மனுசன்.

பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்க, என் முறை வந்தது. அன்று சுபஹு தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்தேன். விமானம் மணலில் உடைந்து கிடப்பதாகவும், ஆட்டுக் கூடுகளுக்கு அடியில் நான் கிடப்பதாகவும் கனவு கண்டேன். எழும்பியபோது உடம்பெல்லாம் வியர்வை. இரண்டு ரக்அத் தொழுது, நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதில் கிடந்து அழுதேன். "யா அல்லாஹ், இந்தப் பயணம் எனக்கு வேண்டாம், என்னைக் காப்பாற்று" என்று கேட்டேன். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டேன்.

"என்னடா தம்பி, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?" என்றார் அண்ணன்.

"வயித்துக்குத்து அண்ணன். எழும்பேலா."

"அப்ப நீ படு. நான் போயிட்டு வாறன். பெருநாளைக்கு நீதான் எனக்குப் புரியாணி தரோணும், சொல்லிட்டன்."

கனவைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவரும் பயந்து நின்றுவிடுவார், கடைசியில் என்னைத்தான் அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்த நேரத்திலும் என் மூளை எவ்வளவு நன்றாக வேலை செய்தது, பாருங்கள்!

மறுநாள் காலை ஒரே தூசி மூட்டம். இறங்க வந்த விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே தாழ்ந்து, மணல்மேட்டில் மோதியது. விமானிகளும் போனார்கள், அண்ணனும் போனார். செய்தி கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது "அல்ஹம்துலில்லாஹ்". அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இதைச் சொல்ல எனக்கு இன்றும் நாக்கூசுகிறது.

அவருடைய உடல் பெட்டியில் ஊருக்குப் போனது. சில நாள் கழித்து நானும் லீவில் வந்தேன். நான் உயிர்தப்பியதற்கு என் மனைவி ஒரு கிடாய் நேர்ந்திருந்தாள். அறுத்தோம், ஓதினோம், நெய்ச்சோறு ஆக்கி ஊருக்குக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் என்னைக் கதைக்கச் சொன்னார்கள். கனவையும் அல்லாஹ்விடம் நான் கேட்ட துஆவையும் விலாவாரியாகச் சொன்னேன். அண்ணனை "இன்னொரு ஆள்" என்று சொல்லித் தாண்டிப்போனேன்.

வயிற்றுவலி பொய் என்று தெரியாத என் மனைவி, "அவரும் உங்களோட ஒண்டா இருந்தவர்தானே, அவங்கட வீட்டுக்கும் ஒரு சஹன் சோறு கொண்டு குடுங்க" என்றாள். நெய்ச்சோறும் இறைச்சியும் நிரம்பிய சஹன் தட்டைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு, நிந்தவூர் தாண்டித் தம்பிலுவிலுக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணனின் மனைவி பரமேஸ்வரி அக்கா முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். "அவர்ர முப்பத்தோராம் நாள் கிரியை முடியுமட்டும் நாங்க மச்சம் மாமிசம் தொடமாட்டம் தம்பி. என்ன விசேஷம்?"

"சும்மாதான் அக்கா" என்றேன். இரண்டாவது பொய்.

"உங்கட வயித்து நோவு சுகமா? தம்பி எழும்பேலாமக் கிடக்கான், அவனுக்காக நான் போறன் எண்டு அண்டைக்குக் காயிதம் போட்டிருந்தார். அது அவருக்குப் பிறகுதான் வந்திச்சு."

யா அல்லாஹ்! அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

அதன் பிறகு தொழுகையில் மனம் நிற்கவில்லை. மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன் மன்னித்துப் பொருந்திக்கொள்ளாமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்று சின்ன வயதிலிருந்து ஓதியவன் நான். அண்ணனிடம் இனிக் கேட்க முடியாது. அக்காவிடம் கேட்க வாய் வராது. "யா அல்லாஹ், ஒரு தடவை உண்மை பேசும் தைரியத்தைக் கொடு" என்று ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் அழுதேன். முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாள், கால்கள் தாமாகவே என்னைப் பஸ்ஸில் ஏற்றின. அக்காவின் முன்னால் இருந்து கனவு, பொய், கிடாய், பள்ளிப் பேச்சு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தைரியம் என்னுடையது இல்லை. அது அவன் தந்தது.



"அவருக்கும் சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் அக்கா. "ரெண்டு பேரும் நிண்டிருப்பீங்களே."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பள்ளியில சொன்ன கதைய முதல்ல சரியாச் சொல்லிட்டு வாங்க. அவர்ர பேரையும் சொல்லுங்க."

அடுத்த ஜும்ஆவில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தம்பிலுவில் தங்கராசா என்று பெயரும் சொன்னேன். யாரும் மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. சிலர் பல நாள் என்னோடு கதைக்கவுமில்லை. அது நியாயம்தான்.

திரும்பிப் போய், என்னை மன்னித்துப் பொருந்திக்கொள்ளும்படி அக்காவிடம் கேட்டேன்.

"உங்கள்ல கோவம் இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன்" என்றார் அக்கா. "ஆனா உங்கட அல்லாவுக்கு முன்னால என்னைக் கூப்பிட்டுக் கேட்டா, நான் உங்களைக் குத்தம் சொல்லமாட்டன். போங்க தம்பி, போய்த் தொழுங்க."

அன்று மாலை அஸர் தொழுகையில் என் நெற்றி தரையில் பட்டது. பல நாளைக்குப் பிறகு பட்டது போலிருந்தது. இன்றுவரை ஒரு வக்தும் விடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சகோதரர்களே, அவன் கேட்பான், நம்பிக் கேளுங்கள். ஆனால் கையேந்தும்போது, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.