பால்மா டின்னில் மிச்சமிருந்த எண்கள்

பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அது வராமல் போனால் என்ன செய்வது என்றுதான் நான் முதலில் யோசிப்பேன். சின்ன வயதிலும் அப்படித்தான்.

நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. உம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தார். மற்றவர்கள் பெட்டி நிறையச் சொக்லேட் கொண்டுவருவார்கள். இவர் பெட்டியில் மட்டை கிழிந்த பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் சில பகடைகளும் இருந்தன. அறையில் கூட இருந்த பிலிப்பினோக்காரர் கொடுத்ததாம்.

அது கதை சொல்லி விளையாடும் விளையாட்டு. மாமா கதையைச் சொல்வார். அதற்குள் எங்களுக்கு ஆளுக்கொரு வேடம். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். எந்த வேலையில் யாருக்கு நூற்றுக்கு எத்தனை திறமை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும்.

வாப்பா பகடையைக் கண்டுவிட்டார். "சூதுச் சாமான் இந்த வீட்டுக்குள்ள உருளப்படாது" என்றார்.

மாமா பகடைகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அட்டையைத் துண்டு துண்டாக வெட்டினார். நூறு துண்டு வெட்டப் பொறுமை இல்லை. கணக்கை ஐந்தால் சுருக்கி, ஒன்று முதல் இருபது வரை எழுதி, வெறும் பால்மா டின்னில் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். நம் திறமையின் அளவுக்கோ அதற்குக் கீழோ வந்தால் காரியம் பலித்தது. பெரிய எண் வந்தால் தப்பியது. எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்தவர் எடுக்கலாம். வாப்பா டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அசர் தொழுகைக்குப் போய்விட்டார்.

மூத்தவனான நானாவுக்குச் சண்டைக்காரன் வேடம். அவனுக்குக் கப்பித்தான் என்று பெயர் வைத்தான். அடுத்தவள் லாத்தா வைத்தியச்சி. கடைக்குட்டி நான் கள்ளி. சுவர் ஏறுவதில் எனக்குப் பதினேழு, பூட்டுத் திறப்பதில் ஐந்து.

லாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்கு மட்டும் சுவர் ஏற எழுதியிருக்கு. அப்ப எனக்கு ஏறத் தெரியாதா? நேத்தும் மதரசா மதிலால குதிச்சனே!"

"எழுதாத வரைக்கும் எல்லாரும் ஏறலாம் மகள்" என்றார் மாமா. "ஒருத்திக்கு எண்டு எழுதினதும் மத்தவங்க கீழேயே நிண்டுடுறாங்க. பழைய புத்தகம்தானே, அதுல இந்தக் குறை இருக்கு."

நான் ஏறிக்கொண்டே இருந்தேன். பதினேழு இருந்தும் தப்பக்கூடிய மிச்ச மூன்றை நினைத்துக்கொண்டேதான் துண்டை எடுப்பேன். பூட்டின் பக்கம் மட்டும் போனதே இல்லை. செய்து பலித்த வேலையில்தான் திறமை கூடும் என்பது விதி. ஆகவே லீவு முடியும்வரை என் ஐந்து ஐந்தாகவே இருந்தது.

மாமா திரும்புவதற்கு முந்தின நாள் மழை விடவில்லை. கதையில் ஒல்லாந்தர் கோட்டையின் நிலவறைக்குள் கப்பித்தான் அகப்பட்டுக்கொண்டான். பக்கத்துக் களப்பின் கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அவன் செத்தால் சாவுதான். இன்னொருவனை வளர்த்தெடுக்க நாள் இல்லை. நானா கதவை இடித்தான், பதினெட்டு. மறுபடி இடித்தான், பதினொன்று. லாத்தா சுரங்கத்துக்கு வழி தேடினாள், இருபது. யார் கை விட்டாலும் பெரிய எண்ணே வந்தது. ஒரேயொரு இரண்டு வந்தது, அதுவும் லாத்தா கோட்டைப் பூனையைத் துரத்தியதற்கு.

முதல் பதினெட்டு வந்தபோதே நானா அதை டின்னில் போடக் கையை நீட்டினான். மாமா தடுத்தார். "அது கிடக்கட்டும். தண்ணி ஏறுது, குலுக்க நேரமில்ல."

துண்டுகள் பாயில் குவிந்தன. கடைசியில் கப்பித்தானுக்குக் கை ஓய்ந்துவிட்டது. இனி வெளியே நிற்கும் நான் பூட்டைத் திறந்தால்தான் உண்டு.

"எடுடி" என்றான் நானா. "கழுத்துக்கு வந்திட்டு!"

"அஞ்சுதானே எனக்கு. கட்டாயம் தப்பும். இண்டைக்கு எல்லாருக்கும் கூடாத நம்பர்தானே வருது."

"இப்ப எடு மகள்" என்றார் மாமா. அவருடைய குரலில் ஓர் அவசரம் இருந்தது. "இப்ப எடுத்துப் பாரு."

நான் குவியலைப் பார்த்தேன். அத்தனையும் தோல்வி. ராசி கெட்ட நாள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? பிற்பாடு கணக்குப் பாடத்தில் தொடர்ந்து புள்ளி குறைந்தபோதும் இப்படித்தான் முடிவு கட்டி, பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்காமலே பள்ளிக்கூடத்தை விட்டேன். அன்று இரண்டு கையையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, "எனக்கு ஏலாது" என்றேன்.

கப்பித்தான் மூழ்கினான். நானா எழுந்து மழைக்குள் போனான். அதற்கு அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

மாமா டின்னைப் பாயில் கவிழ்த்தார். உள்ளே மிச்சமிருந்த துண்டுகளை எண் தெரியும்படி ஒவ்வொன்றாக என் முன்னால் புரட்டி வைத்தார். பதினாலு, மூன்று, ஆறு, ஒன்று, பதினேழு, ஐந்து, நாலு. வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகடைக்கு முன்பு விழுந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. திரும்பப் போடாத டின் அப்படியில்லை. வெளியே வந்த ஒவ்வொரு பெரிய எண்ணும் உள்ளே எனக்கு இடம் விட்டுப் போயிருந்தது. நானா தோற்கத் தோற்க என் கைதான் வலுத்துக்கொண்டிருந்தது. ஏழு துண்டில் நாலு எனக்குப் பலிக்கிற துண்டு. மாமா அதை அறிந்துதான் குவியலைத் திரும்பப் போட விடவில்லை.

அன்று எனக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. விளையாட்டு முடிந்தது, மாமா சாமான்களை ஒதுக்குகிறார் என்று நினைத்தேன். அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று, அந்த ஏழு துண்டையும் ஒன்று, மூன்று, நாலு என்று ஒழுங்காக அடுக்கி, ஓரம் தட்டி, அவர் கையில் கொடுத்தேன்.