ஃபேன் ஓடிய பேட்டரி

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு பல். பாய்மரப் படகின் வெள்ளைத் தளத்தில், சுருட்டி வைத்த கயிற்றுக்குப் பக்கத்தில், வேரோடு கிடந்தது. இரண்டடி தள்ளி என் மனைவியின் தம்பி துண்டை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டு பச்சை நிறம். நடுவில் கறுத்திருந்தது.

அவரை அடித்தவர் கரையில் நின்றார். நாற்பது வயது இருக்கும். துடுப்பு இன்னும் கையில் இருந்தது. அவருடைய ஃபைபர் படகின் பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.

மீன்பிடித் தடைக்காலம் அது. துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் இரண்டு வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நடுவில் ஒரு தெரு அகலத்துக்குத்தான் தண்ணீர் இருந்தது. மைத்துனர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் மனை வாங்காமல் ஒன்பது டன் எடையுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, அதிலேயே குடியிருந்தார். அவருக்கு வேறு வீடு கிடையாது. அன்று காலை அதை வெளியே எடுக்கப் பார்த்திருக்கிறார். தெற்குக் காற்று படகின் மூக்கைத் தள்ளியது. அந்த மாதிரிப் படகுகளில் மூக்குக்கு அடியில், தண்ணீருக்குள், குறுக்காக ஒரு குழாய் உண்டு. அதற்குள் மின்சாரத்தில் சுழலும் சிறிய காத்தாடி ஒன்று இருக்கும். பித்தானை அழுத்தினால் மூக்கு இடமோ வலமோ நகரும். பௌ த்ரஸ்டர் என்று பெயர். அவர் அழுத்தினார். 'டக், டக்' என்று சத்தம் மட்டும் வந்தது. படகு ஃபைபர் படகின் மேல் ஏறியது. அதற்குப் பிறகு துடுப்பு.

"பேட்டரி செத்துப்போச்சு, மாமா," என்றார் என்னிடம். பல் போன இடத்தில் காற்று வந்தது.

அன்று சாயங்காலம் மீன் ஏலக் கொட்டகையில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. இருபது பேர் சேர்ந்து கத்தினார்கள். ஒருவர் டீசல் கேனைக் கையோடு கொண்டு வந்திருந்தார். கொளுத்திவிடலாம் என்பது அவர் கட்சி. தலைவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தீர்ப்பு சொன்னார். விரிசலை மைத்துனர் சரிசெய்து தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாய்மரப் படகு துறைமுகத்தை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறும்போது யார் படகு இடிபட்டதோ அவர், இடித்த படகின் மூக்கில் நிற்பார். அது அவர்கள் வழக்கம்.

"இடிச்சா மொதல்ல இவன் சாவான். அந்த பயம் இருந்தா ஒழுங்கா ஓட்டுவ," என்றார் தலைவர். "இன்னொரு தபா படகு மேல படகு பட்டுச்சு, உன்னுத கரையில இழுத்துப் போட்டு ஒடைச்சிடுவோம். இன்னா, புரியுதா?"

மைத்துனர் தலையாட்டினார். அன்று புதன்கிழமை.

வியாழன் காலை மூக்குப் பகுதியில் இருந்த படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் இரண்டு பேட்டரிகள். பன்னிரண்டு வோல்ட் ஒவ்வொன்றும். சேர்த்தால் இருபத்து நான்கு. ஒன்று வயிறு உப்பி வெடிக்கத் தயாராக இருந்தது. இன்னொன்று பார்க்க நன்றாக இருந்தது. அதைக் கழற்றும்போது மைத்துனரின் ஸ்பானர் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தது. நீல வெளிச்சம் அடித்தது. ஸ்பானர் அங்கேயே ஒட்டிக்கொண்டு சிவந்தது. அவர் அதைக் கையால் பிடித்து இழுத்தார். உள்ளங்கைத் தோல் ஸ்பானரோடு வந்தது. பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அதைக் கதவின் மேல் வீசினார். கதவுக் கண்ணாடி உடைந்தது.

இத்தனை நெருப்பைக் கக்கிய பேட்டரி செத்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஆட்டோவில் போட்டு மூலக்குளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் தெருவில் எந்தப் பேட்டரியையும் ஒரே வகையில்தான் சோதிப்போம்: வீட்டு இன்வர்ட்டரில் மாட்டி, மெயினை அணைத்துவிட்டு, ஃபேனைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது. பத்து மணிக்குப் போட்டேன். இரண்டு மணிக்கும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே படுத்து நான் தூங்கியும் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை லாரிகளுக்கும் மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் பேட்டரி விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பாய். அவர் அப்பாவும் அதே கடையில் உட்கார்ந்தவர்தான். மைத்துனரின் உதட்டுத் தையலையும் கைக்கட்டையும் பார்த்தார்.

"பேட்டரி வாங்க வந்தீங்களா, கட்டுப் போட வந்தீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். காத்தாடி முந்நூறு ஆம்பியர் இழுக்கும், ஐந்தாறு விநாடிதான் ஓடும் என்றார் மைத்துனர்.

"அப்ப உங்களுக்கு ரொம்ப நேரம் தாங்குறது வேணாம். ஒரே அடியில மொத்தத்தையும் குடுக்கிறது வேணும்," என்றார் பாய். வெளிநாட்டில் எல்லாரும் லித்தியம் போடுகிறார்கள் என்று மைத்துனர் ஆரம்பித்தார். "இங்க கெடைக்கிற லித்தியத்துல உள்ள ஒரு காவக்காரன் இருக்கான் சார். நீங்க முந்நூறு கேட்டா கதவைச் சாத்திட்டுப் பூடுவான். நடுக் கால்வாயில நின்னு கத்துங்க அப்பால."

ஒரு பேட்டரியை எடுத்து மேசையில் வைத்தார். மூடப்பட்ட வகை, உள்ளே ஆசிட் பஞ்சில் ஊறி இருக்கும், கவிழ்த்தாலும் சிந்தாது. இதுதான் சரி, ஆனால் கடையில் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று சென்னையில் இருந்து செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார். செவ்வாய் வரை எங்களுக்கு அவகாசம் இல்லை. அதற்குப் பதில் லாரி பேட்டரி இரண்டு, இப்போதே தருகிறேன் என்றார்.

"ஆசிட் ஊத்துறதா?" என்றார் மைத்துனர். "மூக்குதான் அலையில மொதல்ல அடி வாங்கும். நான் அதுக்கு மேல படுக்கிறேன். முதுகு வெந்துடும் பாய்."

அப்போது நான் சொன்னேன்: "பழசுல ஒண்ணு நல்லா இருக்கு. புதுசு ஒண்ணு, பழசு ஒண்ணு போட்டுக்கலாம். நாலு மணி நேரம் ஃபேன் ஓடிச்சு."

பாய் என்னைப் பார்த்தார். எழுந்து போய் மூலையில் கிடந்த ஒரு பேட்டரியை இழுத்து வந்து மீட்டரை வைத்தார். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. பிறகு, மின்சாரத்தை ஒரே அடியில் இழுத்துப் பார்க்கும், இரண்டு தடித்த கவ்விகள் உள்ள லோடு டெஸ்டரை மாட்டி விசையை அழுத்தினார். கம்பிச் சுருள் சிவந்தது, புகைந்தது. முள் ஆறுக்கு விழுந்தது.

"இதுவும் ஃபேன் ஓட்டும் சார். உங்க பழசு ரெண்டும் ஒண்ணாப் பொறந்து ஒண்ணா ஒழைச்சது. ஒண்ணு செத்துச்சுன்னா இன்னொண்ணு சாவக் கெடக்குது. கொண்டாங்க, லோடு வச்சுப் பாக்கறேன்."

வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கலாம். இருபது நிமிட வழி. மணி பன்னிரண்டே முக்கால், வெயில். "தேவையில்ல பாய்," என்றேன்.

சனிக்கிழமை இரண்டையும் பொருத்தினோம். கரையில் கட்டியபடியே மைத்துனர் பித்தானை மூன்று விநாடி அழுத்தினார். தண்ணீர் கொப்பளித்தது. கயிறு விறைத்தது. "வுவாலா, பாத்தீங்களா," என்றார்.

ஞாயிறு காலை ஐந்து ஐம்பது. ஃபைபர் படகுக்காரர் வந்தார். வெறுங்காலோடு மூக்கின் நுனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா, பல்லு மொளைச்சிச்சா?"

"குனிஞ்சு நில்லுய்யா, மறைக்குது," என்றார் மைத்துனர்.

"நான் குனிஞ்சா நீ பின்னால உதைப்பியே."

இரண்டு கரைகளிலும் ஆட்கள் நின்றார்கள். டீசல் கேன் ஆளும் நின்றார். நான் பின்பக்கம், மைத்துனருக்கு அருகில் இருந்தேன். பாதித் தூரம் வரை நன்றாகப் போனது. காற்று வந்தது. மூக்கு வலப்பக்கம் சாய்ந்தது. பித்தான், காத்தாடி உறுமியது, நேரானது. மறுபடி சாய்ந்தது. பித்தான், முனகியது, பாதிதான் திரும்பியது. மூன்றாம் முறை 'டக், டக்' என்றது.

வலது பக்கம் ஒரு விசைப்படகின் இரும்பு முனை. மூன்றடி, இரண்டடி. மைத்துனர் இன்ஜினைப் பின்னோக்கிப் போட்டார். ஒன்பது டன் உடனே நிற்காது. மூக்கில் நின்றவர், தன் ஃபைபர் படகில் தினமும் செய்வதைச் செய்தார். உட்கார்ந்து, வலது காலை நீட்டி, இரும்பில் வைத்து உதைத்தார். அவர் படகாக இருந்தால் விலகியிருக்கும்.

ஐஸ் பாரை உடைக்கும்போது வருகிற சத்தம். அவர் கம்பியில் தொங்கிக்கொண்டு தன் காலையே பார்த்தார். படகு பின்வாங்கியதும் கால் விடுபட்டது. நான் ஓடிப்போய் அவர் கக்கங்களில் கை கொடுத்து இழுத்தேன். முன்பாதம் தட்டையாக இருந்தது. ரத்தம் தளத்தின் ஓரமாக ஓடி, பின்பக்கம் வரை வந்தது. மைத்துனர் பித்தானை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். டக், டக். விசைப்படகில் இருந்து இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவர் மைத்துனரின் கழுத்தில் முஷ்டியால் குத்தினார். இன்னொருவர் விழுந்தவரை மிதித்தார். மூக்கில் இருந்தவர் அப்போதுதான் வாய் திறந்தார்: "அவனை விட்டுட்டு என்னைத் தூக்குங்கடா!"

மருத்துவமனையில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து. கட்டுப் போட்ட காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நீட்டி அவர் உட்கார்ந்திருந்தார். மைத்துனர் எதிரில் நின்றார். உட்கார யாரும் சொல்லவில்லை. புதியதும் பழையதுமாகப் போடச் சொன்னது நான்தான் என்று நான் சொன்னேன். தலைவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அவருக்கு ஒரே கேள்விதான்.

"படகு மேல படகு பட்டுச்சா?"

நாற்காலியில் இருந்தவர் மைத்துனரைப் பார்த்தார்.

"படல," என்றார். "நடுவுல என் காலு இருந்துச்சு."

"கால் எவ்ளோ தடிப்புடா? ஒரு ஜாண்!" என்று டீசல் கேன் ஆள் கத்தினார்.

"படலன்னா படல. வழக்கம்னா எல்லாருக்கும்தான்," என்றார் நாற்காலியில் இருந்தவர்.

தலைவர் எழுந்தார். "அப்ப போவட்டும்."

சென்னையில் இருந்து வந்திருந்த பேட்டரியைப் பாய் நேரில் கொண்டு வந்து மாட்டினார். கழற்றிய பழையதை என் காலடியில் வைத்தார். சனிக்கிழமை காலை படகு எதிலும் படாமல் வெளியே போனது. மூக்கில் அந்த முறை நின்றவர் தலைவர்.

பழைய பேட்டரி மூலக்குளத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறது. கரண்ட் போனால் ஒரு ஃபேன் நான்கு மணி நேரம் ஓடுகிறது.