வேலிக்கு வெளியே மூவர்

மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையைத் தங்கச்சிக்கு வைப்பதுதான் எங்கள் வீட்டு முறை. இன்று காலை தாம்பாளத்தோடு போனேன். நாமக்கல் பக்கம், கோழிப் பண்ணைக்குள்ளேயே அவள் வீடு.

கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் தங்கச்சி மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க மாப்பிள்ளை, வெளிய உக்காந்துட்டீங்க?"

"முட்டை மண்டிக்குப் போயிட்டு வந்தனுங்க மச்சான். குளிச்சாத்தான் உள்ள உடுவாளாம் உங்க தங்கச்சி."

சிரித்துவிட்டேன். அதற்குள் தங்கச்சி குடத்தோடு வந்தாள்.

"நேரா இங்கதான் வாரீங்களாங்கண்ணா?"

"இல்ல சாமி, வழியில ஒரு சிநேகிதர் கோழிப் பண்ணைல மோர் குடிச்சேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

கேட் திறக்கவில்லை.

"போன வருசம் கோழிக்குச் சீக்கு வந்து ஒரு கொட்டாயே காலியாப் போச்சுங்கண்ணா. அது காலுலதான் வருது. காக்கா காலா இருந்தா என்ன, அண்ணங் காலா இருந்தா என்ன?"

வேலிமேல் இருந்த காக்கையை விரட்டிய கையாலேயே என்னையும் தள்ளி நிற்கச் சொன்னாள்.

மழை, மரம், பறவை என்று இயற்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் ஏதோ தனியாக நின்று வேடிக்கை பார்ப்பதாகத்தான் இதுவரை நினைப்பு. கோழியின் பக்கமிருந்து பார்த்தால் நானும் மாப்பிள்ளையும் காக்கையும் ஒரே கூட்டம்.

கேட்டுக்கு மேலாகவே தாம்பாளத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்கண்ணா" என்றபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

எங்கள் மூவரில் காக்கை மட்டும்தான் மனத்தாங்கல் இல்லாமல் கிளம்பிப் போனது.